பத்து மணிக் கடல்

துறைமுகத்தில் அவளுக்குப் 'பாட்டில் டாக்டர்' என்று பெயர். முதல் முறை அது காதில் விழுந்தபோது சுருக்கென்றது. ஆராய்ச்சிப் பட்டம் வாங்க அவள் பட்ட பாடு அவளுக்கல்லவா தெரியும்! பிறகு யோசித்துப் பார்த்தாள். காலையில் பெட்டி நிறையக் காலி பாட்டிலோடு படகேறி, மதியம் அதே பாட்டில்களில் கடல்தண்ணீரோடு இறங்கும் பெண்ணை வேறு எப்படித்தான் கூப்பிடுவார்கள்? நாளடைவில் அந்தப் பெயருக்கு அவளே திரும்பிப் பார்க்கப் பழகிவிட்டாள்.

கரையோரக் கடல்நீரில் என்னென்ன கரைந்திருக்கிறது என்று பார்ப்பது அவள் வேலை. உப்பு, சாக்கடை கொண்டுவந்து கொட்டும் சத்து, தொழிற்சாலைக் கழிவு என்று எல்லாம் பார்ப்பாள். ஆனால் அவள் உயிரையே வைத்திருந்தது ஆக்சிஜன் மேல். "மீனும் மூச்சு விட்டாத்தானே பிழைக்கும்? தண்ணிக்குள்ள இருக்கிற அந்த மூச்சைத்தான் நான் அளக்கிறேன்" என்று தம்பிக்கு ஒருமுறை விளக்கினாள். அன்றிலிருந்து அவன் வீட்டுக்கு வருபவர்களிடமெல்லாம், "எங்க அக்கா கடலுக்கே நாடி பிடிச்சுப் பாக்குறா" என்று அளக்க ஆரம்பித்துவிட்டான்.

அப்பா அம்மா போன பிறகு அவனைப் படிக்க வைக்க அவள் தலைகீழாக நின்று பார்த்தாள். படிப்பு ஏறவில்லை. மீன்பிடிப் படகில் ஏறிவிட்டான். கல்யாணமாகிக் குழந்தை குட்டி என்று ஆன பிறகும் அக்காவை வேறு வீட்டுக்கு விடவில்லை. மாடியறை அவளுடையது. கீழே தம்பி மனைவி சமைத்துவிட்டு, "அண்ணி, ஆறிப் போகுது" என்று குரல் கொடுப்பாள். கல்யாணத்தை நாளை நாளை என்று தள்ளிப்போட்டே வயதைக் கடத்திவிட்ட அவளுக்கு அந்தக் குரல்தான் குடும்பம்.

வேலையில் அவள் படு கறார். தண்ணீர் எடுக்கும்போது பாட்டிலுக்குள் காற்றுக் குமிழி ஒன்றுகூடப் போகக்கூடாது. போனால் கொட்டிவிட்டு மறுபடி எடுப்பாள். படகோட்டி முணுமுணுத்தால் காதில் போட்டுக்கொள்ள மாட்டாள். நிரம்பிய பாட்டிலில் இரண்டு மருந்துகளைச் சொட்டுச் சொட்டாக விட்டு, மூடி, கவிழ்த்துக் குலுக்கினால் மண்டி இறங்கும். ஆக்சிஜன் இருந்தால் அது தேயிலைத்தூள் மாதிரி பழுப்பாக இருக்கும். இல்லையென்றால் வெள்ளை. எவ்வளவு என்ற கணக்கைப் பிறகு ஆய்வகத்தில் பார்க்க வேண்டும். ஆனால் உண்டா இல்லையா என்பதை நிறமே சொல்லிவிடும். துறைமுகத்தை ஒட்டிய வளைகுடாவில் அவள் வெள்ளையைப் பார்த்ததே இல்லை.

எப்படிப் பார்ப்பாள்? ஆராய்ச்சி நிலையத்தில் டீசல் அறையை ஒன்பது மணிக்குத்தான் திறப்பார்கள். படகோட்டிகளும் ஒன்பதுக்குத்தான் வருவார்கள். டீசல் பிடித்து, கையெழுத்துப் போட்டு, டீ குடித்து, வளைகுடாவின் நடுவுக்குப் போய்ச் சேரும்போது மணி பத்து. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அந்தக் கடலை அவள் பத்து மணிக்குத்தான் பார்த்து வந்தாள். விருந்தாளி வரும் நேரம் பார்த்து வீட்டைப் பெருக்கி வைப்பதில்லையா, கடலும் அப்படித்தான் இருந்தது.

சாக்கடைச் சத்தைத் தின்று அங்கே பாசி கொழுத்துக் கிடந்தது. வெயில் இருக்கும்வரை பாசி ஆக்சிஜனை அள்ளி அள்ளித் தரும். இருட்டிவிட்டால் அதுவும் மற்ற உயிர்களோடு சேர்ந்து மூச்சை இழுக்கும். எடுக்க ஆயிரம் பேர், தர ஒருவரும் இல்லை. விடியும் முன் தண்ணீரில் மூச்சு வற்றிவிடலாம். பத்து மணிக்குள் வெயில் வந்து மறுபடி நிரப்பிவிடும். இது அவளுக்குத் தெரியாததா? கல்லூரிப் பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது.

விடியற்காலையில் படகு வேண்டும் என்று இயக்குநரிடம் கேட்டாள். அவர் சிரித்தார். "கடல் எங்கயும் ஓடிப் போயிடாதும்மா. ஒன்பது மணிக்கு மேல பாத்துக்கலாம்." அவருக்குப் பின் வந்தவரிடமும் கேட்டாள். அவருக்கு இந்த நகைச்சுவைகூட வரவில்லை. அதற்குப் பிறகு கேட்பதை விட்டுவிட்டாள். கேட்டுக் கேட்டு வாய் வலித்ததுதான் மிச்சம். ஆனால் ஒவ்வோர் ஆண்டறிக்கையிலும், இவை பகல் நேர அளவுகள், விடியற்காலை நிலவரம் தெரியாது என்று ஒரு வரி தவறாமல் எழுதினாள். நாணயமான வரி. அதை யார் படித்தார்கள் என்று மட்டும் கேட்கக்கூடாது.

மீன் செத்து மிதந்திருந்தால் யாராவது கேட்டிருப்பார்கள். அதுவும் நடக்கவில்லை. மூச்சு முட்டினால் மீன் ஆழக்கடல் பக்கம் விலகிப் போய்விடும், வெயில் ஏறியதும் திரும்பி வரும். அதன் கதவு திறந்தே இருந்தது.

தம்பிதான் அந்தக் கதவைச் சாத்தினான். புயலில் ஒருமுறை படகு கவிழ்ந்து பிழைத்து வந்த பிறகு, அவன் ஆழக்கடலுக்குப் போகும் ஒவ்வொரு முறையும் வீட்டில் இரண்டு பெண்களும் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தார்கள். எனவே வளைகுடாவிலேயே வலைக்கூண்டு போட்டு மீன் வளர்க்கப் போகிறேன் என்று அவன் சாப்பிடும்போது சொன்னதும், அவள் வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது.

"அக்கா, நீ பாட்டில்ல தண்ணி பிடிக்கிற இடத்துலதான் போடலாம்னு இருக்கேன். தண்ணி எப்படி?"

"என் சர்வீஸ் பூரா பாத்திருக்கேன்டா. அருமையான தண்ணி. கண்ணை மூடிக்கிட்டு போடு."

அவ்வளவுதான் பேச்சு. குழம்பை ஊற்றிச் சாப்பிட்டு எழுந்தார்கள். அவன் தன்னிடம் இருந்ததையெல்லாம் அதில் போட்டான். குஞ்சுகளை விட்ட அன்று அவளைத்தான் முதல் கை இரை போடச் சொன்னான்.

மீன் நன்றாகவே வளர்ந்தது. துறைமுகத்தில் ஐஸ் ஆலை வைத்திருந்தவருக்குத்தான் பிடிக்கவில்லை. கூண்டு தன் படகின் வழியை மறிக்கிறது என்று துறைமுகமே பார்க்கச் சண்டை போட்டார். "ஒருநாள் இல்ல ஒருநாள் உன் மீனையெல்லாம் மிதக்க விடுறேன் பாரு!" கோபத்தில் வாய்க்கு வந்ததைச் சொல்லும் மனுஷன். ஆனால் சொன்னது எல்லார் காதிலும் விழுந்துவிட்டது.

அறுவடை நெருங்கிய சமயம் வானம் மூடிக்கொண்டது. காற்று அசையவில்லை. வெயிலே இல்லாமல் நாட்கள் போயின. ஒரு காலையில் தம்பி இரை போடப் போனபோது கூண்டு முழுக்க வெள்ளை வயிறுகள் மிதந்தன. எல்லாம் மேல் வலையில் முட்டிக்கொண்டு, வாயைப் பிளந்தபடி.

அவள் ஓடிப் போய்ப் பார்த்தாள். பார்த்த மாத்திரத்தில் புரிந்துவிட்டது. விஷம் குடித்த மீன் அப்படி மேலே வந்து வாய் பிளந்து கிடக்காது. ஆனால் தம்பி கூண்டுக் கட்டையில் தலையை மோதிக்கொண்டு அழுதபோது, "சோதிச்சுப் பாக்கணும்" என்று மட்டும் சொன்னாள். வாழ்க்கையில் முதல் முறையாக அந்தச் சொல்லுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள்.

தம்பி போலீசுக்குப் போனான். ஐஸ்காரரைப் பிடித்துக்கொண்டு போய் உள்ளே வைத்தார்கள். அங்கே அவருக்கு அடி விழுந்ததாகவும், முன்பல் போய்விட்டதாகவும் தம்பி மனைவி வந்து சொன்னாள். "நல்லா வேணும் அண்ணி அந்த ஆளுக்கு." அதைக் கேட்ட பிறகு அவளால் மாடியறையில் உட்கார முடியவில்லை. விடியும் முன் உன் படகில் என்னைக் கூட்டிப் போ என்று தம்பியிடம் சொன்னாள்.

"என்ன விஷம்னு கண்டுபிடிச்சுக் கொடுத்துடு அக்கா. அவனைச் சும்மா விட மாட்டேன்" என்று அவன் துடுப்பை எடுத்தான்.

காலிக் கூண்டின் பக்கத்தில் தண்ணீர் எடுத்தாள். பாட்டிலுக்குள் குமிழி புகுந்துவிட்டது. கொட்டிவிட்டு மறுபடி எடுத்தாள். மருந்தை விட்டாள், மூடினாள், குலுக்கினாள். கிழக்கே லேசாக வெளுத்துக்கொண்டிருந்தது. பாட்டிலை அந்த வெளிச்சத்தில் பிடித்தாள். மண்டி வெள்ளையாக இறங்கியது. தேயிலைத்தூளின் நிழல்கூட இல்லை.

"விஷமா?"

"விஷம் இல்லடா. தண்ணியில மூச்சே இல்ல. விடியிற நேரத்துல வத்திப் போகுது. அந்த ஆள் ஒண்ணும் பண்ணல."

அவன் கூண்டைப் பார்த்தான், பாட்டிலைப் பார்த்தான். "இது திடீர்னு வந்ததா?"

"இல்ல. ரொம்ப நாளாவே விடியிறப்போ கொறைஞ்சுக்கிட்டுதான் இருந்திருக்கும், வெயிலே இல்லாமப் போனதுல இப்போ மொத்தமா வத்திடுச்சு. நான் பத்து மணிக்குத்தானே வருவேன்."

"இப்படி ஆகும்னு உனக்குத் தெரியுமா?"

"ஆகலாம்னு தெரியும். அதுக்குத்தான் படகு கேட்டேன். குடுக்கல. ஒவ்வொரு ரிப்போர்ட்லயும் எழுதினேன். காலை நிலவரம் தெரியாதுன்னு."

"எல்லாருக்கும் எழுதினியா?"

"எழுதினேன்."

"எங்கிட்ட?"

அவள் பாட்டிலைப் பெட்டிக்குள் வைத்தாள். முன்பின் தெரியாத அதிகாரிகளுக்கு வருடம் தவறாமல் சொன்னதை, எதிரே உட்கார்ந்து சாப்பிட்ட தம்பிக்குச் சொல்லாமல் விட்டிருந்தாள். அவனைக் கரையோரத்தில் இருத்திவைக்கும் ஆசையில் அந்த ஒரு வரி அவள் மண்டையிலிருந்தே கழன்று போயிருந்தது. அவன் அதற்கு மேல் கேட்கவில்லை. கரைக்கு வந்ததும் நேராகப் போலீஸ் நிலையத்துக்குப் போய்ப் புகாரைத் திரும்ப வாங்கினான். ஐஸ்காரரின் காலில் விழுந்ததாகப் பேச்சு.

அதன் பிறகுதான் ஆராய்ச்சி நிலையத்துக்கு ஞானம் பிறந்தது. மீன் செத்த செய்தி பத்திரிகையில் வந்ததும், விடியற்காலை அளவு ஏன் இல்லை என்று மேலிடம் கேட்டது. உடனே உத்தரவு பறந்தது. நிலையத்துப் படகோட்டிகள் அந்த நேரத்துக்கு வர முடியாது என்று கொடி பிடித்ததால் வெளியாள் படகை அமர்த்தினார்கள். கூண்டும் போய் மீனும் போய், வெறும் படகோடு நின்றுகொண்டிருந்த ஆள் துறைமுகத்தில் ஒருவன்தான்.

அந்த அளவுகளை வைத்து அவள் எழுதிய கட்டுரை பல நாடுகளில் பேசப்பட்டது. விருதும் வந்தது. சால்வையைப் போர்த்தியபோது தோள் கூசியது. அத்தனை வருட உழைப்புக்கு வராத பெயர் தம்பியின் செத்த மீன்களால் வந்தது. விருதை வீட்டுக்குக் கொண்டுபோகாமல் ஆய்வகத்து அலமாரியிலேயே போட்டுப் பூட்டினாள்.

வீட்டில் தம்பி மனைவி முன்போல்தான் சாப்பிடக் கூப்பிடுகிறாள். மாடியிலிருந்து இவள் இறங்கி வரும்போது தம்பி சாப்பிட்டு எழுந்திருப்பான். படகில் மட்டும் முகத்துக்கு முகம் பார்க்க வேண்டும். முதல் நாளே நிலையத்துப் படகோட்டிகளைப் போல, "ஏறுங்க மேடம்" என்றான். அவளுக்குத் தூக்கி வாரிப் போட்டது.

"டேய், அக்கான்னு கூப்பிடுடா."

"டூட்டி நேரம் மேடம்."

இன்றும் அப்படித்தான். பாட்டில் வெள்ளையானது. குறித்துக்கொண்டாள். வெளிச்சம் வந்து படகு கரையைத் தொட்டது. பெட்டியை இறக்கி வைத்துவிட்டு, இன்று கேட்டே விடுவது என்று அவள் கேட்டாள்: "டூட்டிதான் முடிஞ்சுதேடா?"

அவன் குனிந்து கயிற்றை முளையில் இறுக்கிக் கட்டினான். முடிச்சைச் சரிபார்த்தான். பிறகு, இருவரும் ஒரே வீட்டுக்குப் போக வேண்டிய தெருவைப் பார்த்துக்கொண்டு கேட்டான்.

"நாளைக்கு எத்தனை மணிக்கு வரணும், மேடம்?"