அருவித் தலையில் கட்டிய சேலை

பெரியம்மாவின் அரக்குச் சேலைதான் முதலில் நினைவுக்கு வருகிறது. அருவி விழும் இடத்துக்கு மேலே, பாறையின் இரண்டு பக்கத்து மரங்களுக்கும் நடுவே, கயிறாக முறுக்கிக் கட்டியிருப்பாள். கொல்லிமலையில் எங்கள் ஊர்ச் சனம் ரோட்டுக்கு வர அந்தப் பாறையைக் கடந்தாக வேண்டும். மழைக்காலத்தில் பாசி பிடித்து வழுக்கும். கால் தவறினால் பள்ளம்தான். ஒவ்வொரு ஆனியிலும் நைந்ததை அவிழ்த்துவிட்டு வேறு சேலை கட்டுவாள். மூட்டை சுமப்பவர்களும் பள்ளிக்கூடப் பிள்ளைகளும் அதைப் பிடித்துத்தான் போனோம். "ஒரு கை சேலையில இருக்கட்டும் கண்ணு" என்பாள்.

பிறகு அருவி சுற்றுலாத் தலம் ஆனது. நாங்கள் துணி துவைத்த இடத்துக்கு வியூ பாயிண்ட் என்று பேர். அடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து லாரியில் இரும்பு வந்தது. வேடிக்கை பார்ப்பவர்களுக்கு மேடை கட்டி, பளபளவென்று கைப்பிடி போட்டார்கள். நாங்கள் நடக்கும் பாறைக்குப் பக்கத்தில் வந்ததும் கம்பி நின்றுவிட்டது. பெரியம்மா மேற்பார்வையாளரிடம் போய் நின்றாள்.

"ஏனுங்க சாமி, இன்னும் நாலு எட்டு தள்ளிப் போட்டுடுங்க. எங்க சனமும் புடிச்சுக்கிட்டுப் போகுமுங்க."

"அது எஸ்டிமேட்ல இல்லம்மா."

அதோடு விட்டார்களா? சேலையையும் அறுத்துப் போட்டார்கள். போட்டோவில் அசிங்கமாக விழுகிறதாம். அவள் மறுபடி கட்டினாள், மறுபடி அறுத்தார்கள். அப்படி அறுத்த மறுநாள் காலை, சுற்றுலா வந்தவர்களுக்கு விற்கத் தலையில் பலாப்பழத்தோடு போனவள் வழுக்கி விழுந்தாள். கீழேயிருந்து தூக்கி வரும்போது உயிர் இல்லை. பார்க்க வந்த அதிகாரி, "கொஞ்சம் கவனமா போயிருக்கலாம்" என்றார். ஊரே கவனமாக நடக்க வழி செய்தவளைப் பார்த்துச் சொன்ன பேச்சு அது.

இப்போது நான் இருப்பது சேந்தமங்கலத்தில். போன வாரம் மலைக்குப் போனேன். பிறந்த ஊர் அருவிக்கு டிக்கெட் வாங்கச் சொன்னார்கள். கைப்பிடிக்குப் புதுப் பெயிண்ட். 'உங்கள் உயிர் விலைமதிப்பற்றது' என்று ஒரு போர்டு. அந்தப் போர்டுக்குப் பின்னால் எங்கள் ஊர்ப் பெண்கள் வெறுங்கையைக் காற்றில் நீட்டி, பாறையைக் கடந்துகொண்டிருந்தார்கள். பையிலிருந்து பெரியம்மாவின் பழைய சேலை ஒன்றை எடுத்தேன், முறுக்கினேன், கட்டினேன். டிக்கெட் கொடுத்தவர் ஓடி வந்தார்.

"ஏனுங்கக்கா, நாளைக்கே அறுத்துருவாங்க."

"அறுக்கட்டுங்க. மறுக்கா வாரேன்."

அவள் பெட்டியில் இன்னும் சேலை இருக்கிறது. அது தீர்ந்தால் என் பீரோவில் இருக்கிறது.