மச்சான் காலில் அன்னாசி இலை

பத்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். நாலு பேர் கூடிய இடத்தில் தூண் ஓரமாக நிற்கிற ஆள். எழுத உட்கார்ந்ததற்கு முதலில் பொறுத்துக்கொள்ள வேண்டும். பெரிய விஷயம் ஒன்றும் இல்லை, ஒரு ஜோடி செருப்பைப் பற்றித்தான்.

என் மகள் வேலைக்குப் போன ஊரில் பாலை விட்டாள், பிறகு தோலை விட்டாள், கடைசியில் பட்டையும் விட்டாள். புழுவை வெந்நீரில் போட்டு எடுத்த நூல் தன் உடம்பில் ஏறாது என்றாள். கல்யாணம் நிச்சயமான பிறகுதான் சிக்கல். எங்கள் வழக்கப்படி தாய்மாமன் எடுத்துத் தரும் சேலையைக் கட்டித்தான் பெண் மணவறையில் உட்கார வேண்டும். அந்தத் தாய்மாமன், என் மச்சான், பட்டைத் தவிர வேறு எடுக்க மாட்டேன் என்றார்.

"பருத்தி எடுப்பா இருக்குமா மாப்பிள்ளை? பாக்குறவுக என்னையத்தான் கஞ்சப்பயன்னு சொல்லுவாக."

மகளும் இறங்கி வரவில்லை. நடுவில் நான் இரண்டு பேருக்கும் தலையாட்டிக்கொண்டிருந்தேன்.

அந்தச் சமயத்தில் கண்டனூரில் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம். மகள் வாங்கித் தந்த செருப்பைப் போட்டுக்கொண்டு போனேன். அன்னாசி இலை நாரில் செய்தது. பார்த்தால் தோல் மாதிரியே, காப்பிக்கொட்டை நிறம். மச்சான் வாசலிலேயே பிடித்துக்கொண்டார்.

"இலையவா கால்ல மாட்டிக்கிட்டு வந்திருக்கீக? வழியில ஆடு கீடு நின்னா பாத்துப் போங்க. மேஞ்சிரும்."

கூட வந்த என் மகளைத் தவிர, சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன்.

பந்தி முடிந்து வெளியே வந்தோம். மச்சான் வெற்றிலையை மென்றபடி, போனில் பேசிக்கொண்டே, என் செருப்பில் காலை நுழைத்து நடந்துவிட்டார். அவருடையதும் அதே நிறம், அதே அளவு. கூப்பிட வாயைத் திறந்தேன். பிறகு மூடிக்கொண்டேன். என் கூச்சம் எனக்கு உதவியது அன்று ஒரு நாள்தான். அவருடைய தோல் செருப்பை மாட்டிக்கொண்டு பின்னால் போனேன். சுண்டு விரலைக் கடித்தது.

நாங்கள் ஊர் திரும்ப வேண்டிய வேன் அடுத்த தெருக் கோடியில் நின்றது. மகள் ஏற்கெனவே அங்கே இருந்தாள். டிரைவர் மச்சானின் காலைப் பார்த்தார்.

"செருப்பு எடுப்பா இருக்கேண்ணே. புதுசா?"

"அட நீங்க வேற. நாலு வருசமாச்சு. தோலு பழகப் பழகத்தான் பளபளக்கும். இன்னைக்கு மெத்தையில நடந்த மாதிரி இருக்கு. என்ன மாப்பிள்ளை, இலையில இந்தச் சுகம் வருமா?"

மகள் அவர் காலைப் பார்த்தாள். என் காலைப் பார்த்தாள். நான் வேன் டயரைப் பார்த்தேன்.

"மாமா, அங்குட்டு ஒரு ஆடு வருது. கொஞ்சம் ஓரமா நில்லுங்க."

மச்சான் குனிந்து பார்த்தார். மென்றுகொண்டிருந்த வாய் நின்றது. டிரைவர் மட்டும் தெருவில் ஆட்டைத் தேடிக்கொண்டிருந்தார்.

காரைக்குடி வரும்வரை மச்சான் செருப்பை மாற்றிக்கொள்ளவில்லை. இறங்கும்போது ஜன்னல் பக்கம் பார்த்தபடி மகளிடம் கேட்டார்.

"பருத்தியில சரிகை போட்டு வருமா ஆத்தா?"

மறுநாள் காலை மச்சான் வந்து மகளைக் கடைக்குக் கூட்டிப்போய், அரக்குக் கரை போட்ட மாம்பழ நிறப் பருத்திச் சேலை எடுத்துக் கொடுத்தார். என் செருப்பைத்தான் போட்டிருந்தார்.