வெள்ள வீரரின் போட்டோ

இன்று காலை, திருமானூரிலிருந்து அரியலூர் போகும் பஸ்ஸில் எங்கள் தெரு சரோஜா அக்காவும் நானும் ஒரே சீட்டில் உட்கார்ந்திருந்தோம்.

பக்கத்தில் நின்ற இளைஞன் ஒருவன் போனில் பழைய பத்திரிகைப் படம் ஒன்றைக் காட்டினான். எழுபதுகளில் கொள்ளிடம் ஊருக்குள் புகுந்தபோது எடுத்தது. படகில் ஒருவர் நெஞ்சை நிமிர்த்தி நிற்கிறார். ‘வெள்ளத்தை வென்ற வீரர்’ என்று தலைப்பு.

“ஒரு தெருவுக்கே இவரு பேர வைக்கப் போறாங்க. அதான் வாட்ஸ்அப் குரூப்புல எல்லாம் போடப் போறேன். நீங்க இவரப் பாத்திருக்கீங்களாம்மா?”

“பாத்திருக்கேன் தம்பி” என்றார் அக்கா. “கூரை மேல உக்காந்து அழுதுக்கிட்டு இருந்தாரு. நாந்தான் படகுல ஏத்திக்கிட்டு வந்தேன்.”

அவன் சிரித்தான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“நெசந்தான் தம்பி. அன்னிக்குப் படகு தள்ளுனது இவங்கதான். அதையும் சேத்துப் போடுங்க” என்றேன்.

“அதுக்கு போட்டோ இருக்கா சார்? இல்லாம போட்டா யாரு நம்புவாங்க?”

அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். “படம் புடிக்க வந்த பேப்பர்காரரு, ‘கொஞ்சம் குனிஞ்சுக்கம்மா, அவர மறைக்குது’ன்னாரு. குனிஞ்சுக்கிட்டேன்.”

அந்தப் படத்தைத்தான் எங்கள் ஊர் டீக்கடையில் இன்னும் மாட்டி வைத்திருக்கிறார்கள்.

இன்று மாலைக்குள் அது உங்கள் குரூப்புக்கும் வந்துவிடும். வந்தால் கொஞ்சம் பெரிதாக்கிப் பாருங்கள். வீரரின் முழங்காலுக்குப் பக்கத்தில், படகு தள்ளும் மூங்கில் கழியைப் பிடித்தபடி ஒரு கை தெரியும். கை நிறையக் கண்ணாடி வளையல்.

வீரர் எப்போதிலிருந்து வளையல் போட ஆரம்பித்தார் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.