எண்ணெ போட்ட ஞாயிறு

அது இந்த வருடத் தவக்காலத்தின் மூன்றாம் ஞாயிறு. இரண்டாம் ஞாயிறு என்று என் தங்கை சொல்கிறாள், அது தவறு. அன்று குளக்கரையில் எடுத்த படம் என் கைபேசியில் தேதியோடு இருக்கிறது. படத்தில் தங்கையின் கணவர் ஒரு கையில் ராகி மாவு உருண்டையோடும் மறு கையில் ஸ்பிரே டப்பாவோடும் நிற்கிறார். துருப்பிடித்த நட்டு போல்ட்டின் மேல் அடிக்கிற ஸ்பிரே. அதை மீன் இரையின் மேல் அடித்துவிட்டுச் சிரிக்கிறார். இப்படியும் ஒருவர் செய்தார் என்று நாளைக்குச் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்களே என்றுதான் எடுத்தேன்.

மைசூரில் ஒரு டூவீலர் ஒர்க்‌ஷாப்பில் அவருக்கு வேலை. வீட்டில் எது கிறீச்சிட்டாலும் இந்த ஸ்பிரேதான். கதவுக் கீல், மகளின் சைக்கிள் செயின், கடைசியில் என் தூண்டில் ரீல். பொங்கல் முடிந்த வாரம், என்னைக் கேட்காமலே ரீலுக்குள் புஸ்ஸென்று அடித்துவிட்டார். சில நாள் வழுக்கிக்கொண்டு ஓடியது. பிறகு காப்பிக்கொட்டை அரைப்பது போல் சத்தம் போட ஆரம்பித்தது. பிரித்துப் பார்த்தால் உள்ளே கிரீஸே இல்லை; எல்லாம் கரைந்து வழிந்திருந்தது. அந்த ஸ்பிரே துருவை இளக்கும், ஈரத்தை விரட்டும். ஆனால் கிரீஸ் இருக்க வேண்டிய இடத்தில் அடித்தால் கிரீஸையும் கழுவிக்கொண்டு போய்விடும் என்று பொறுமையாக விளக்கினேன்.

“அடிச்சதும் ஸ்மூத்தா ஓடிச்சா இல்லையா? அத மட்டும் சொல்லுங்க மச்சான்” என்றார்.

இவரோடு ஞாயிறு தோறும் நான் குளத்துக்குப் போனதற்குக் காரணம் உண்டு. சென்ற வருடத் தவக்காலத்தில் அவர் குடியை நிறுத்தினார். இன்னொரு தடவை குடித்தால் மகளைக் கூட்டிக்கொண்டு ஹனூரில் இருக்கிற அம்மா வீட்டுக்குப் போய்விடுவேன், திரும்பி வர மாட்டேன் என்று தங்கை சொல்லியிருந்தாள். சொன்னால் செய்கிறவள். அவருக்கு ஞாயிறு மதியத்தைத் தாண்டுவதுதான் கஷ்டம். அதனால் சர்ச்சில் பூசை முடிந்ததும் நகரத்துக்கு வெளியே, கட்டணம் கட்டித் தூண்டில் போடுகிற ஒரு குத்தகைக் குளத்துக்கு அவரை அழைத்துப் போனேன். நான் கூடவே இருப்பேன் என்ற உறுதியின் பேரில்தான் தங்கை சம்மதித்தாள்.

அந்த ஞாயிறன்று இரைக்கே ஸ்பிரே அடிக்க வந்துவிட்டார்.

“இதுல மீனெண்ணெ கலந்திருக்கு மச்சான். வீடியோல காட்டுனான். ஒரு அடி அடிச்சா மீனெல்லாம் க்யூல வருமாம்.”

“மாப்பிள்ளை, டப்பா பின்னாடி படிங்க. பெட்ரோலியம்னு போட்டிருக்கு. வாயில படக்கூடாதுன்னும் போட்டிருக்கு.”

“நமக்குத்தான போட்டிருக்கு. மீனுக்கா போட்டிருக்கு?”

“அந்த மீன நாமதான சாப்பிடணும்? இந்தக் கருமம் தண்ணியில வேற கலக்குது.”

“ஆய்து, ஆய்து” என்று, சரி சரி என்பது போல் கன்னடத்தில் சமாதானம் சொல்லிக்கொண்டே இன்னொரு அடி அடித்தார்.

என் இரையில் எதுவும் சேர்க்கவில்லை. ராகி மாவும் கடலைப் புண்ணாக்கும் மட்டும்தான். இரண்டு தூண்டிலையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டால் சாயங்காலத்துக்குள் உண்மை தெரிந்துவிடும் என்று நினைத்தேன். அவர் தக்கை அசையவில்லை. என் தக்கையும் அசையவில்லை. ஒன்றுமே நிரூபணமாகவில்லை. எனக்கு எரிச்சல் தாங்கவில்லை.

நடுவில் என் தூண்டில் நரம்பு நாணல் வேரில் சிக்கியது. அதை எடுக்கக் கொஞ்சம் தள்ளிப் போயிருந்தேன். அந்த நேரம் பார்த்துத் தங்கை அவரைக் கைபேசியில் அழைத்திருக்கிறாள். கையெல்லாம் ஸ்பிரேயும் மாவுமாக இருந்ததால், குளத்துக் காவல்காரரை எடுக்கச் சொல்லியிருக்கிறார் அவர். காவல்காரர் உள்ளதை உள்ளபடி கன்னடத்தில் சொல்லியிருக்கிறார்: “இல்லே இதாரெ அம்மா. எண்ணெ ஹாக்தா இதாரெ. ஆமேலெ மாடி.” இங்கேதான் இருக்கிறார், எண்ணெய் போட்டுக்கொண்டிருக்கிறார், பிறகு கூப்பிடுங்கள்.

மைசூரில் எண்ணெ போடுவது என்றால் என்ன அர்த்தம் என்பது குழந்தைக்கும் தெரியும். குடிப்பது.

இது எதுவும் எனக்குத் தெரியாது. சாயங்காலம் நாங்கள் வீடு வந்தபோது தங்கை கேட்டைத் திறக்கவில்லை. உள்ளே நின்றுகொண்டு, அவரைப் பார்க்காமல் என்னைக் கேட்டாள்.

“அண்ணா, நீ பொய் சொல்ல மாட்ட. இவரு இன்னிக்கி எண்ணெ போட்டாரா?”

நாள் முழுக்க அந்த ஸ்பிரேயோடு மல்லுக்கட்டியவன் நான். என் மனதில் வேறு எண்ணெயே இல்லை.

“போட்டாரு. வேணாம் வேணாம்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேன். கேட்டாத்தான?”

அவள் முகம் போன போக்கைப் பார்த்த பிறகுதான் எனக்கு உறைத்தது. “ஐயோ, அந்த எண்ணெ இல்லம்மா! ஸ்பிரே! இரைக்கு அடிச்சாரு!” என்றேன். மீனுக்கு ஸ்பிரே அடித்தார் என்பதை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். எந்த மனைவி நம்புவாள்? படத்தைக் காட்டினேன்.

“சிரிக்கிறத பாரு. சரக்கு உள்ள போனாத்தான் இப்பிடி சிரிப்பாரு.”

“கைய மோந்து பாரேன்” என்று அவர் கம்பிக்குள் கையை நீட்டினார்.

“பழைய கதையா? முந்தியும் இதே ஸ்பிரேய சட்டையில அடிச்சிக்கிட்டு, ஒர்க்‌ஷாப் வாடைன்னு சொல்லித்தான நின்னீங்க?”

எனக்கு அது புதிய செய்தி. கிரீஸ், பெட்ரோலியம், தண்ணீர் என்று ஊரில் உள்ள காரணமெல்லாம் சொல்லி அவரோடு வாதாடியிருக்கிறேன். அந்த டப்பாவை அவர் தொடவே கூடாததற்கு இருந்த ஒரே பெரிய காரணத்தை எனக்கு யாரும் சொல்லவில்லை. அவர் தலையைக் குனிந்துகொண்டார். மகள் சன்னலில் நின்றுகொண்டிருந்தாள். உள்ளே வரவேற்பறை நாற்காலியில் ஹனூருக்குக் கட்டி வைத்த பெட்டி தெரிந்தது.

தங்கை அவர் தோளில் தொங்கிய பையைக் கேட்டு வாங்கினாள். கவிழ்த்து உதறினாள். ஸ்பிரே டப்பா, ஒரு துண்டு, காய்ந்த மாவு.

“மீன் எங்க?”

“மாட்டல” என்றார் அவர்.

“ஒண்ணுகூடவா?”

“ஒண்ணுகூட.”

அவள் பையை மறுபடி ஒருமுறை உதறிப் பார்த்தாள். பிறகு கேட்டைத் திறந்தாள்.

“முந்தி மீன் பிடிக்கப் போறேன்னு போயி குடிச்சிட்டு வந்த ஒரு நாள்கூட இவரு வெறுங்கையோட வந்ததில்லண்ணா. மார்க்கெட்ல வாங்கிட்டு, நானே பிடிச்சேன்னு கொண்டாந்து நீட்டுவாரு. பெரிய பெரிய மீனா இருக்கும்.” உள்ளே போகும்போது அவரிடம் சொன்னாள்: “எனக்கு வேணும்னா நானே வாங்கிக்கிறேன். நீங்க இப்பிடி வெறுங்கையோடயே வாங்க.”

அன்று இரவு அந்த வீட்டில் மீன் குழம்புக்குக் கரைத்து வைத்த புளி ரசமாயிற்று என்று பிறகு கேள்விப்பட்டேன்.

இதோடு டப்பா ஒழிந்தது என்று நம்பினேன். நான்காம் ஞாயிறு, அதே கரையில், அவர் பையிலிருந்து அதை எடுத்தார்.

“சட்டையில படாம அடிப்பேன் மச்சான். அவகிட்ட சொல்லிட்டுத்தான் வந்தேன்.”

“மீனே வரலன்னு போன வாரமே தெரிஞ்சுதே மாப்பிள்ளை!”

“அதுக்குத்தான் மச்சான் அடிக்கிறேன்” என்றார். “தப்பித்தவறி மாட்டிடுச்சுன்னா, வீட்ல போயி யாரு பதில் சொல்றது?”

நான் என் தூண்டிலையும் ராகி உருண்டையையும் எடுத்துக்கொண்டு எதிர்க்கரைக்குப் போய் உட்கார்ந்தேன். எனக்கு மீன் வேண்டும்.