பக்கத்து வீட்டு நீச்சல் குளம்

பக்கத்து வீட்டு லின் ஒரு சனிக்கிழமை காலையில், புதிதாக வாங்கிய காரின் பின்புறம் ஹேர் டிரையரால் சூடு காட்டி, கம்பெனிச் சின்னத்தைப் பெயர்த்துக்கொண்டிருந்தாள். நான் ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தேன். காசு கொடுத்து வாங்கிய கௌரவத்தை யாராவது பெயர்த்து எறிவார்களா? அமெரிக்காவில் எங்கள் ஃபிரிஸ்கோவில் நம்மவர்கள் கார் வாங்கினால், அனுமார் கோயிலுக்கு ஓட்டிப்போய்ச் சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து, அந்தச் சின்னத்துக்குத்தான் முதல் சந்தனப் பொட்டு வைப்பார்கள். பழம் நசுங்குவதற்குள் படம் சொந்த ஊர் திருப்பூர் போய்ச் சேர்ந்துவிடும்.

என் வீட்டுக்காரர் சக்திவேல் இந்த விஷயத்தில் யாருக்கும் இளைத்தவர் அல்ல. தங்கமான மனுஷன்தான், கையில் கேமரா இல்லாதவரை. வீடு வாங்கியதும் ‘ஹோம் டூர்’ வீடியோ போட்டே தீர்வேன் என்று நின்றார். எங்கள் கொல்லைப்புறத்தில் நாலு செடியும் ஒரு கிரில் அடுப்பும்தான். வேலிக்கு அந்தப் பக்கம் லின்னின் நீச்சல் குளம், கரையில் நீலக் கோடு போட்ட பெரிய குடை. அவர்கள் வெளியூர் போனபோது செடிக்குத் தண்ணீர் ஊற்றச் சொல்லிச் சாவியை எங்களிடம்தான் கொடுத்திருந்தார்கள். ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்று, இவர் எங்கள் சமையலறையில் தொடங்கிய வீடியோவை அவர்கள் குளத்தங்கரையில் முடித்துவிட்டார். “இதுதாங்க நம்ம வீடு” என்று பின்னணியில் ஒரு குழைவான குரல் வேறு. ஊரில் அது பிய்த்துக்கொண்டு போனது. பள்ளிக்கூடத்தில் இவரோடு பேசாதவர்கள்கூட ‘மாஸ் மாப்ள’ என்று எழுதினார்கள்.

சில வாரம் கழித்து, லின் ஒரு பை நிறைய ஆரஞ்சுப் பழத்தோடு வாசலில் நின்றாள். விஷயம் தெரிந்துவிட்டது, மானம் கப்பலேறப் போகிறது என்று நினைத்தேன். இவர் முந்திக்கொண்டு, உடனே டெலீட் பண்ணிவிடுகிறேன் என்று கைகூப்பினார். வேண்டாம், தயவுசெய்து அழித்துவிடாதீர்கள் என்றாள் அவள். எங்களுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

உட்கார வைத்துக் கேட்டபோது சொன்னாள். அவளுடைய அண்ணன் சீனாவில் ஒரு சின்ன ஊரில் அரசாங்க அதிகாரி. அவர் மகள் போன கோடையில் இங்கே வந்து, அந்த நீலக் கோட்டுக் குடையின் கீழே காதில் பச்சைக்கல் தோடு தெரிய உட்கார்ந்து படம் எடுத்து, வேலை வேலை என்று ஓடுகிறவர்களைப் பார்த்தால் பாவமாக இருக்கிறது என்று எழுதி இணையத்தில் போட்டிருக்கிறாள். அங்கே வேலை தேடிச் செருப்புத் தேய்ந்த பிள்ளைகள் விடுவார்களா? தோடு என்ன விலை, அப்பனுக்கு என்ன சம்பளம், குளம் யாருடையது என்று தோண்டிவிட்டார்கள். இணையத்தில் பகட்டுக் காட்டுகிறவர்களின் கணக்கை அரசாங்கமே மூடுகிற காலமாம். இப்போது அண்ணன் மேல் விசாரணை, வேலை போகிற நிலை. இங்கே லின்னும் அவள் கணவரும் முப்பது வருஷக் கடனில் வாங்கிய வீடு இது என்றால் அங்கே எவனும் நம்பமாட்டான்.

எனக்கு அந்தப் பிள்ளைகள் மேல் மரியாதைதான் வந்தது. நம்மூரில் ஒரு கவுன்சிலர் மகள் இப்படிப் படம் போட்டால் கேள்வியா கேட்போம்? பிறந்தநாளுக்கு ஃபிளெக்ஸ் அல்லவா வைப்போம்!

அந்தக் குடையை வைத்தே அங்கே யாரோ எங்கள் வீடியோவைக் கண்டுபிடித்து, வீடு ஓர் இந்தியனுடையதாம் என்று எழுதியிருக்கிறார்கள். லின் என் கையைப் பிடித்துக்கொண்டாள். “ப்ளீஸ், இது உங்கள் வீடாகவே இருக்கட்டும்.” அந்தத் தோடு எப்படி வந்தது என்று கேட்டேன். பழம் ரொம்ப இனிப்பாக இருக்கும், சாப்பிட்டுப் பாருங்கள் என்றாள்.

“அவங்களே பர்மிஷன் குடுத்துட்டாங்க, அப்புறமென்ன?” என்று இவர் தண்ணீரில் மிதந்தபடி குளத்துக்கு மட்டும் தனியாக இன்னொரு வீடியோ போட்டார். அதன் கீழே சீன எழுத்தில் கருத்துகள் வந்து குவிந்தன. இவர் பூரித்துப்போய் ஒவ்வொன்றுக்கும் சிவப்பு இதயம் வைத்தார். என்ன எழுதியிருக்கிறார்கள் என்று லின்னிடம் காட்டினார். அவள் வெகுநேரம் படித்துவிட்டு, வீடு அழகாக இருக்கிறதாம் என்றாள். சந்தேகத்தில் நான் மொழிபெயர்த்துப் பார்த்தேன். ‘யார் வயிற்றில் அடித்துத் தோண்டிய குளம்?’ என்று ஒருவர். ‘இந்தத் தொப்பையைத் தண்ணீர் எப்படித் தாங்குகிறது?’ என்று இன்னொருவர். நான் இவரிடம் மூச்சு விடவில்லை. அங்கே அண்ணனை எச்சரிக்கையோடு விட்டுவிட்டார்களாம். லின் மறுபடி ஆரஞ்சு கொண்டுவந்தாள்.

இத்தோடு போயிற்று என்றுதான் நினைத்தேன். ஒரு ஞாயிறு காலை திருப்பூரிலிருந்து மாமியார் வீடியோ காலில் வந்தார். சொந்தபந்தமெல்லாம் கூடியிருக்கிறதாம், மகன் குளத்தில் இறங்குவதைப் பார்க்க வேண்டுமாம். லின்னிடம் ஓடிப்போய்க் கேட்டேன். அவள் குடும்பத்தை உள்ளே அழைத்து, கண்ணாடிக் கதவின் திரையை இழுத்துவிட்டாள். இவர் டவுசரோடு இடுப்பளவு தண்ணீரில் நின்று கையசைக்க, நான் போனைப் பிடித்துக்கொண்டேன்.

“நல்லா இருக்குது கண்ணு. இத்தனையும் உட்டுப்போட்டு இனி நீ எங்க இங்க வரப்போறே? உங்க மேல் ரூமைத் தம்பிக்கே குடுத்தாச்சு. உங்க சாமானெல்லாம் மூட்டை கட்டி அட்டாலில போட்டுட்டோம்.”

கோபமாகச் சொல்லவில்லை. சந்தோஷமாகத்தான் சொன்னார், அதுதான் எனக்குத் தாங்கவில்லை. ரெண்டு வருஷத்தில் திரும்பிவிடலாம் என்று வருஷா வருஷம் சொல்லிக்கொண்டிருக்கிற மனுஷன் இவர். இது நம் குளம் இல்லை அம்மா என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். கதவுத் திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “சரிம்மா” என்றார்.

போனை வைத்த பிறகு கதவுத் திரை ஓரத்தில் லின்னின் முகம் தெரிந்தது. வெளியே வரலாமா என்று கையால் கேட்டாள். தலையசைத்தேன். அவர்கள் ஒவ்வொருவராக வந்து தங்கள் நாற்காலிகளில் உட்கார்ந்தார்கள். இவர் மட்டும் தண்ணீரை விட்டு ஏறவே இல்லை.