படுக்கையறைச் சுவருக்குக் கலந்த நிறம்

பெயிண்ட் கடையில் அவரை எல்லோரும் ‘கலர்’ என்றுதான் கூப்பிடுவார்கள். சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது. கடையில் நிறம் கலக்கும் இயந்திரம் உண்டு. அட்டையில் உள்ள எண்ணைத் தட்டினால் டப்பா தயாராகிவிடும். ஆனால் வெயிலும் சமையல் புகையும் பட்டுப் பழகிய சுவருக்கு எந்த அட்டையிலும் எண் கிடையாது. அப்படிப்பட்ட சுவர் உள்ளவர்கள் அதிலிருந்து ஒரு காரைத் துண்டைப் பெயர்த்துக்கொண்டு வருவார்கள். அது அவருடைய மேசைக்குப் போகும்.

கலந்ததும் கொடுத்துவிட மாட்டார். அட்டையில் தடவி, விசிறிக்கு முன்னால் காயவைத்து, வாசல் வெளிச்சத்தில் காரைத் துண்டோடு சேர்த்து வைத்துப் பார்த்த பிறகுதான் மூடி போடுவார். ஈரத்தில் ஒரு நிறம், காய்ந்தால் வேறு நிறம் என்பது தொழில் தெரிந்த எல்லோருக்கும் தெரியும். அவர் அளவுக்கு அதை மதித்தவரை நான் பார்த்ததில்லை.

“நான் பெயிண்ட்தான் கேட்டேன், பொண்ணு கேக்கல. எதுக்கு இவ்வளவு யோசனை?” என்று ஒரு வாடிக்கையாளர் கத்தியிருக்கிறார்.

“பொண்ணுன்னா உடனே குடுத்திருப்பேன். இது சுவரு, தினமும் பாக்கணும்ல” என்றார் கலர்.

நான் அந்தக் கடையில் சரக்கு இருப்பு எழுதியவன். இங்கே சொல்வதில் நான் நேரில் பார்த்தது கொஞ்சம்தான். மீதியை அவர் சொன்னார். அவர் மனைவி சொன்னதும் உண்டு. இருவர் சொன்னதும் முரண்படவில்லை.

அவர் மனைவி திரைச்சீலை தைக்கும் கடையில் வேலை செய்தார். வீடு வீடாகப் போய் ஜன்னல் அளவு எடுப்பது அவருடைய பொறுப்பு. ஒரே மகள் திருமணமாகி வெளியூரில் இருந்தாள். வீட்டில் இரண்டு பேர், இரண்டு சாவி. முதலில் வருபவர் சாப்பிட்டுவிட்டு மற்றவருக்கு மூடி வைப்பார். சண்டை கிடையாது. பேச்சும் அநேகமாகக் கிடையாது.

அந்த ஆண்டின் தொடக்கத்தில் ஒரு மாலை, மனைவியின் கறுப்புச் சட்டையின் முதுகில் சுவர்ப்பொடி ஒட்டியிருந்ததைக் கலர் பார்த்தார். பச்சை ஓடிய சாம்பல் நிறம், அடியில் துளி காவி. பழைய டிஸ்டெம்பர் சுண்ணப் பூச்சு, சாய்ந்தால் ஒட்டும். அடுத்த வாரமும் அதே நிறம், அதே இடத்தில். ஜன்னல் அளவு எடுப்பவர் ஜன்னலைப் பார்த்து நிற்பார். முதுகு எப்படிச் சுவரில் படும்? அந்தக் கேள்வி அவருக்கு வந்தது. மனைவியிடம் கேட்கவில்லை.

கோடையில் ஒரு நாள் உயரமான மனிதர் ஒருவர் தாளில் பொதிந்த காரைத் துண்டோடு வந்தார். பள்ளியில் பூகோளம் நடத்தும் வாத்தியார். மனைவியை இழந்தவர், தனியாக இருப்பவர். இவ்வளவும் அவராகவே சொன்னார், பேசப் பிரியப்படுகிறவர்.

“படுக்கையறை சார். ஜன்னல் ஓரமா ஈரம் இறங்கிடுச்சு. புதுசா திரை போட்டேன், அப்பதான் கறை பளிச்சுனு தெரியுது.”

கலர் தாளைப் பிரித்தார். பச்சை ஓடிய சாம்பல், அடியில் துளி காவி. அன்று நான் பக்கத்தில்தான் இருந்தேன். அவர் துண்டை வாசலுக்கு எடுத்துப் போனார். திரும்பி வர வழக்கத்தைவிட நேரமாயிற்று. பிறகு உட்கார்ந்து கலந்தார். காயவைத்தார். ஒட்டிப் பார்த்தார். துண்டுக்கும் அதற்கும் மயிரிழை வித்தியாசம் இல்லாத நிறத்தை டப்பாவில் ஊற்றி மூடிக் கொடுத்தார். அதைக் கெடுத்துக் கொடுக்க வேண்டும் என்று தோன்றவே இல்லையா என்று பின்னாளில் கேட்டேன்.

“தோணுச்சு. கை வரல” என்றார்.

அதற்குப் பிறகு அவருக்கு ஒரே பயம்தான். கேட்டால் அவள் போய்விடுவாள். கேட்காவிட்டால் இருப்பாள். ஆகவே மதியச் சாப்பாட்டைக் கொறித்துவிட்டு, மாலையில் விளக்கு எரியாத வீட்டுக்குப் போய், தட்டை மூடி வைத்துவிட்டுப் படுத்துக்கொண்டார். மாதக்கணக்கில் இப்படி.

மகள் குழந்தையோடு வருவதாகத் தகவல் வந்தது. “அந்த ரூமுக்கு ஏதாவது வெளிர் கலரா அடிச்சு விடுங்களேன், இருட்டா கிடக்கு” என்றார் மனைவி. தன் விடுமுறை நாளில், மனைவி வேலைக்குப் போன பிறகு, கலர் மிச்சமிருந்த டப்பாக்களை எடுத்தார். வெளிர் நீலம் என்று நினைத்துத்தான் தொடங்கினார். நீலம் முகத்தில் அடித்தது. துளி காவி விட்டார். கொஞ்சம் கறுப்பு. வாளியில் இதமான நீலமாகத்தான் தெரிந்தது. அப்படியே அடித்துவிட்டார்.

மனைவி திரும்பியபோது சுவர் காய்ந்திருந்தது. கதவருகிலேயே நின்றுவிட்டார்.

“இந்தக் கலர எங்க பாத்தீங்க?”

கலர் அப்போதுதான் சுவரை நிமிர்ந்து பார்த்தார்.

“கடையில. ஒருத்தர் துண்டு கொண்டு வந்தாரு. உயரமா.”

மனைவி தாள் விரித்த கட்டிலில் உட்கார்ந்தார். “தெரிஞ்சேவா அவருக்குக் கலந்து குடுத்தீங்க?”

“ம்.”

“அச்சு அசலா இருக்குன்னு சொன்னாரு. கடையில ஒரு பெரியவர் இருக்காரு, அப்படி ஒரு கண்ணுன்னாரு.”

“பெரியவரா? அவருக்கு என்ன, பால் மணம் மாறலையா?”

மனைவிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிக்கும்போதே முகம் கோணிக்கொண்டது. “என்னைக் குத்திக் காட்டத்தானே இப்படி அடிச்சீங்க?”

“இல்ல. நீலம்னு நெனச்சுதான் அடிச்சேன். காயவெச்சுப் பாக்கல.”

“நீங்களா? காயவெச்சுப் பாக்காமலா?”

என்னிடம் இதைச் சொன்னபோது அந்த அம்மாள் இந்த இடத்தில் நிறுத்தினார். கணவர் திட்டியிருந்தாலும் அடித்திருந்தாலும் தான் பெட்டியைத் தூக்கியிருப்பாராம். காயவைக்க மறந்த மனிதரைத்தான் பார்க்கப் பொறுக்கவில்லையாம்.

“போகப் போறியா?” என்று கேட்டார் கலர்.

“தெரியல. அவர் ஏதாவது கேட்டுக்கிட்டே இருப்பாருங்க. இன்னிக்கு எத்தன ஜன்னல், கால் வலிச்சுதா, எந்தத் தெரு. நீங்க என்கிட்ட கடைசியா என்ன கேட்டீங்க?”

அவர் யோசித்தார். “உப்பு.”

இம்முறை இருவருமே சிரித்துவிட்டார்கள். பெயிண்ட் வாடை தாங்காமல் கூடத்தில் பாய் விரித்துப் படுத்தார்கள். கலர் கேட்டார், தட்டுத் தடுமாறி, பரீட்சை எழுதுகிறவரைப் போல. எத்தனை ஜன்னல். எந்தத் தெரு. கால் வலிச்சுதா. மனைவி பதில் சொன்னார். பிறகு அவர் கையை எடுத்துத் தன் முழங்காலில் வைத்து, “இங்க” என்றார். அதற்கு மேல் நடந்ததை இருவருமே சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

மகள் வந்து போனாள். அதற்குப் பிறகு ஒரு சனிக்கிழமை மதியம் மனைவி செருப்பை மாட்டினார். “அவர்கிட்ட நேர்ல சொல்லிட்டு வந்துடறேன். போன்ல சொல்றது மரியாதை இல்ல.”

“பஸ் வரைக்கும் வரட்டுமா?”

“வேணாங்க.”

கலர் சமையலறையில் வெங்காயம் நறுக்கினார். வாசலுக்கும் அடுப்புக்கும் நடந்தார். அவள் திரும்பி வராமலே போகலாம் என்பது நறுக்கி முடித்த பிறகுதான் முழுதாக உறைத்தது. வெயில் கூடத்தைக் கடந்து எதிர்ச் சுவரில் ஏறிவிட்டது.

இருட்டுவதற்கு முன் மனைவி வந்தார். கலரைப் பார்க்காமல் நேரே குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டார். தண்ணீர்ச் சத்தத்துக்குள் அழுகை கேட்டது. இத்தனை ஆண்டுகளில் தனக்காக அவள் அப்படி அழுததில்லை என்று கலருக்குத் தெரிந்தது. கதவைத் தட்டக் கை தூக்கினார், தட்டவில்லை. வாத்தியார் வீட்டிலும் இந்நேரம் ஒரு ஆள் தனியாக உட்கார்ந்திருப்பான் என்று நினைத்தார். அதற்காகச் சந்தோஷப்பட முடியவில்லை.

குழாய் நின்றது. மனைவி முகத்தைத் துடைத்துக்கொண்டே வந்து கூடத்தில் உட்கார்ந்தார்.

“சாப்பிடலாமா? இன்னும் கொஞ்ச நேரம் ஆகட்டுமா?” என்று கேட்டார் கலர்.

“கொஞ்ச நேரம் ஆகட்டும்.”

கலர் அடுப்பை அணைத்துவிட்டு வந்து, மனைவியின் பக்கத்தில் கொஞ்சம் இடம் விட்டு உட்கார்ந்துகொண்டார்.