கேமரா விட்டுவிட்ட பாதி

மலேசியாவின் ரந்தாவில் காலை ஏழு மணிக்கும் இருட்டு முழுதாக விலகியிருக்காது. திருச்சியிலிருந்து கல்யாணமாகி வந்த புதிதில், கடிகாரம்தான் வேகமாக ஓடுகிறது என்று முள்ளைப் பின்னுக்குத் திருப்பி வைத்தேன். கணவர் அன்று வேலைக்குப் பிந்திப் போனார். திருச்சியில் எங்கள் தெருவில் ஏழு மணிக்கெல்லாம் பால்காரர் போய், காய்கறி வண்டி வந்து, மாடிச் சுவரில் வெயில் ஏறியிருக்கும். இங்கே பிள்ளைகள் தெருவிளக்கு வெளிச்சத்தில் பள்ளிப் பேருந்து ஏறுகிறார்கள்.

மகள் மலர் இங்கேயே பிறந்தவள். கணிதம் முடித்து, ஆராய்ச்சிப் படிப்புக்குத் திருச்சியில் இடம் வாங்கியிருந்தாள். நான் சரியென்று சொல்லாமல் இழுத்துக்கொண்டிருந்தேன். அதற்குள் செம்பனைக் குலை ஏற்றிவந்த ஒரு லோரி அவள் மோட்டார் சைக்கிளை உரசிக் கால்வாயில் தள்ளிவிட்டது. வெறும் சிராய்ப்புதான். ஆனால் போனில் முன்பின் தெரியாத குரல், "மலரோட அம்மாவா?" என்று கேட்டதே, அது இன்னும் காதை விட்டுப் போகவில்லை.

அவளைப் பார்க்க வந்த பக்கத்து வீட்டுச் சரோஜா அக்கா, கரையான் அரித்த தன் கல்யாணப் படத்தையும் கொண்டுவந்தார்.

"காணாமப் போன படத்தை மீட்கிற படிப்பாமே கண்ணு? எங்க வீட்டுக்காரர் மூஞ்சிய மட்டும் கொண்டாந்துரு. மீசைய விட்றாதலா."

மலர் சிரித்துவிட்டாள். "அது வேறலா, ஆண்ட்டி."

பொறுமையாக விளக்கினாள். மிக நுண்ணிய பொருள்மீது எக்ஸ்ரே கதிரை விட்டால் அலைகள் சிதறி வரும். கேமரா அவற்றின் பலத்தை மட்டுமே பதியும். வந்து சேர்ந்த கணத்தில் அலை ஏறிக்கொண்டிருந்ததா, இறங்கிக்கொண்டிருந்ததா என்ற பாதி தொலைந்துவிடும். அதில்லாமல் உருவம் தெரியாது. எனவே ஓர் ஊகத்தில் தொடங்குவார்கள். பதிவான பலத்துக்கு ஒத்துப்போகத் திருத்துவார்கள். பிறகு பொருளின் எல்லைக்கு வெளியே எதுவும் இல்லாதபடி திருத்துவார்கள். இரண்டுக்கும் நடுவே போய்ப் போய் வந்தால் உருவம் மெல்லத் துலங்குமாம்.

"அப்ப எல்லாமே திரும்பக் கெடைச்சிருமா?" என்றேன்.

"ஒண்ணு தெரியாதும்மா. எல்லா அலையையும் ஒரே அளவு தள்ளி வச்சா கேமராவுக்கும் தெரியாது, படமும் மாறாது. ஒண்ண மட்டும் தள்ளினாத்தான் மாறிடும்."

அக்காவின் முன்னோர் உறவோடும் மாரியம்மனோடும் கப்பலேறியவர்கள். ஊரே சேர்ந்து தள்ளி வந்து ரப்பர் தோட்டத்து லய வீடுகளில் அமர்ந்தது. இங்கே தீமிதி நடக்கும்போது எனக்கு எங்கள் ஊர்தான் கண்முன் நிற்கும். நான் வந்தது ஒற்றையாக.

"தனியாவா போவ?" என்றேன்.

"நீ தனியாத்தானே வந்த?"

அக்கா படத்தை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டு, என்னைப் பார்த்து, "கேக்குறால்ல, சொல்லு" என்றார்.

கடைசியில் சரியென்றேன். அவளைக் கொண்டுபோய் விட நானும் கூடப் போனேன். திருச்சி விமான நிலையத்தில் இந்தியருக்கு ஒரு வரிசை, வெளிநாட்டவருக்கு ஒரு வரிசை. என்னிடம் இன்னும் இந்தியக் கடவுச்சீட்டுதான், அவளிடம் மலேசியாவினுடையது. என் ஊரில் என் மகள் வெளிநாட்டவர் வரிசையில் நின்றாள். என் வரிசை சரசரவென்று நகர்ந்தது, அவளுடையது நகரவே இல்லை.

"நம்ம ஊருக்கு வந்தாச்சு, இன்னும் என்னக்கா யோசனை? போங்க" என்றார் பின்னால் நின்றவர்.

"நீங்க முன்னாடி போங்க தம்பி" என்று வழி விட்டேன். அடுத்து வந்தவருக்கும் விட்டேன்.